தென்னாப்பிரிக்காவில் சிக்கனப் பிரயாணம்

ஒரு தேசத்தில் உலகப் பந்தயம் நடக்கப் போகிறது என்று தெரிந்துவிட்டால் போதும், அங்குள்ள ஹோட்டல்களின் அறை வாடகை பந்துக்கு முன்னால் ஓடத் தொடங்கிவிடும். 2010-ம் வருஷம் ஜூன் 11 முதல் ஜூலை 11 வரையில் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது இந்த ஓட்டத்தை நாம் நேரில் கண்டோம். கையில் இருந்த பணமோ கொஞ்சம். ஆகையால் இரண்டு தீர்மானங்கள் செய்துகொண்டோம். ஒன்று, உள்ளூர் ஜனங்கள் எதில் ஏறுகிறார்களோ அதில்தான் ஏறுவது. மற்றொன்று, டிக்கெட் வாங்குவதில்லை என்பது.

பந்தயம் பார்க்கப் போகிறவன் டிக்கெட் வாங்காமல் போவதா என்று வாசகர்கள் கேட்கலாம். முதல் சுற்றுப் பந்தயங்களில் மிகவும் மலிவான ஆசனம் 140 ராண்டு, அதாவது சுமார் 20 டாலர். ஆனால் அது அந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. வெளிநாட்டார் குறைந்தது 80 டாலர் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு நியாயம் என்றே நமக்குத் தோன்றியது. அவர்கள் வீட்டுக் கல்யாணம். முதல் பந்தி அவர்களுக்குத்தானே? பெரிய நகரங்களில் திறந்த வெளியில் பிரம்மாண்டமான திரை கட்டி இலவசமாகக் காட்டினார்கள். நமக்கு அது போதும்.

ஜோஹானஸ்பர்க்கில் இறங்கியபோது ஜூலை மாதக் குளிர் எலும்பைத் தொட்டது. கடல் மட்டத்துக்கு ஆயிரத்து எழுநூறு மீட்டருக்கு மேல் உள்ள ஊர் அது. பந்தயம் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, ஜூன் 8-ந் தேதி, விமான நிலையத்திலிருந்து ஸான்ட்டன் என்னும் செல்வர் பேட்டைக்கு 'கௌட்ரெயின்' என்ற அதிவேக ரயிலைத் திறந்திருந்தார்கள். பளபளவென்று இருந்தது. ஆனால் அது சொவேட்டோவுக்குப் போகாது. அங்கே போகிறவர்களுக்கு மினிபஸ் டாக்சிதான்.

இந்த டாக்சிக்குப் பலகையும் கிடையாது. கால அட்டவணையும் கிடையாது. சாலையோரத்தில் நின்று விரலால் ஒரு ஜாடை காட்ட வேண்டும். ஆள்காட்டி விரலை மேலே தூக்கினால் நகரத்துக்கு. வேறு இடங்களுக்கு வேறு வேறு ஜாடைகள். நம் பரத நாட்டியக்காரர்கள் அங்கே போனால் கஷ்டமே படமாட்டார்கள். பதினைந்து பேர் நெருங்கி உட்கார்ந்ததும் பின்வரிசைக்காரர் காசை முன்வரிசைக்குக் கொடுப்பார். முன்வரிசைக்காரர் அதற்கு முன்வரிசைக்கு. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் கணக்குப் போட்டுச் சில்லறையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அறியாமல் அந்த ஆசனத்தில் அமர்ந்த அந்நியருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. மீதிச் சில்லறை கை மாறி மாறி உரியவரிடம் போய்ச் சேர்வதை வியப்புடன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த வண்டிகள் ஏன் ஏற்பட்டன? 1950-ல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி எந்த நிறத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று சர்க்கார் கோடு கிழித்தது. 1955-ல் ஸோபியா டவுனில் இருந்த கறுப்பு மக்களை ஆயுதம் தாங்கிய போலீஸார் லாரிகளில் ஏற்றிச் சொவேட்டோவில் மெடோலண்ட்ஸ் என்ற இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வேலை மட்டும் பழைய நகரத்திலேயே இருந்தது. அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் இத்தனை வண்டிகளும். 1994-ல் நிறவெறி ஆட்சி ஒழிந்துவிட்டது, தூரம் ஒழியவில்லை.

டர்பனுக்குச் சுமார் 570 கிலோ மீட்டர். இரவு ரயிலில், உட்கார்ந்து போகும் வகுப்பில் போனோம். விடியற்காலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்ததும், டர்பன் வரையில் டிக்கெட் இருந்தும், மூட்டையுடன் இறங்கிவிட்டோம். 1893 ஜூன் 7-ந் தேதி இரவு, முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த இளம் பாரிஸ்டர் காந்தியை இதே ஸ்டேஷனில்தான் பலவந்தமாக இறக்கினார்கள். செங்கல் கட்டடம் அப்படியே இருக்கிறது. அன்றும் குளிர் காலந்தான். மேல் சட்டை மூட்டையில் இருந்தது. அதைக் கேட்டால் மீண்டும் அவமதிப்பார்களோ என்று அவர் கேட்கவில்லை. நாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றோம். முதல் வகுப்பில் உட்காரும் உரிமைக்காக நடுங்கிய மனிதர், பிற்காலத்தில் இந்தியாவில் தாமாகவே மூன்றாம் வகுப்பைத் தேடிப் போய் ஏறினார்!

டர்பனில் பசி. 'பன்னி' கிடைக்கும் என்றார்கள். வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பை நிரப்பிக் கொடுப்பதற்கு அங்கே 'பன்னி சௌ' என்று பெயர். 'பனியா' என்ற சொல்லே இப்படித் திரிந்தது என்கிறார்கள். பயற்றுக் குழம்பு ஊற்றிய 'கால் பன்னி' ஒன்று ஒரு வேளைக்குத் தாராளம்.

ஜூலை 7-ந் தேதி அங்கே ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் அரை இறுதிப் பந்தயம். நாம் கடற்கரை மணலில் உட்கார்ந்து, ஊதுகுழல்களின் இரைச்சலுக்கு நடுவே, ஸ்பெயினின் புயோல் தலையால் முட்டி வெற்றி தேடித் தந்ததைத் திரையில் பார்த்தோம். அதே மாலை நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். புதிய விமான நிலையத்தில் பெரிய மனிதர்களின் சொந்த விமானங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றதால், டிக்கெட் வாங்கியிருந்த நூற்றுக்கணக்கானோர் வந்த விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின!

மறுநாள் விடியுமுன் வார்விக் சந்திப்புக்குப் போனோம். நாள்தோறும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வண்டி மாறும் இடம் அது. அங்கே 1910 முதல் 'அதிகாலைச் சந்தை' நடந்து வருகிறது. 1860 நவம்பர் 16-ந் தேதி 'டுரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து இறக்கிற்று. பின்னாலும் பல கப்பல்கள் வந்தன. ஒப்பந்தம் தீர்ந்து காய்கறி பயிரிட்ட அந்த மக்களுக்காக ஏற்பட்ட சந்தை இது. பச்சை மிளகாய், கொத்தமல்லி, முருங்கைக்காய் எல்லாம் குவிந்து கிடந்தன. கவுண்டர் 'கவெண்டர்' ஆகவும், முதலி 'மூட்லி' ஆகவும் மாறியிருந்தன. பாட்டன் பேசிய தமிழ் பேரனுக்கு வரவில்லை. விலை பேசும்போது இங்கிலீஷும் ஜூலுவும் கலந்து வந்தன.

இந்தச் சந்தை இருந்த இடத்தில் பல மாடி அங்காடி ஒன்று கட்டவேண்டும், அதுவும் உலகக் கோப்பையை முன்னிட்டு, என்று 2009-ல் நகரசபை தீர்மானித்திருந்தது. இந்திய வியாபாரிகளும், அவர்களுடைய மூட்டைகளைத் தள்ளுவண்டியில் இழுக்கும் ஆப்பிரிக்கத் தொழிலாளரும், நடைபாதையில் விற்கும் பெண்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். வழக்கும் போட்டார்கள். நாம் போன சமயத்தில் முடிவு தெரியாமலே கடைகளை விரித்திருந்தார்கள். நூறாவது வருஷம் என்ற சந்தோஷத்தைவிட, அடுத்த வருஷம் இருக்குமா என்ற கவலைதான் பேச்சில் அதிகம் இருந்தது.

2011-ல் நகரசபை அந்தத் தீர்மானத்தை ரத்துச் செய்துவிட்டது.