தலையைத் தொடாதீர்கள்

மனைவியை இழந்த மறு ஆண்டு, 2023இல், அவுஸ்திரேலியாவிலுள்ள மகன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஆறு வயதுப் பேரன் என்னை ஏறிட்டும் பார்த்தானில்லை. வாரியணைக்க முயன்றபோதெல்லாம் தாயின் பின்னே ஒளித்துக்கொண்டான். சோர்ந்திருந்த மனம் மேலும் சோர்ந்தது.

ஒருநாள் மகன் எங்களை ஓர் அல்பாக்காப் பண்ணைக்கு அழைத்துச் சென்றான். தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டிலே, பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்துவரும் ஒட்டக இனப் பிராணி அது. ஆவலோடு அதன் தலையைத் தடவக் கை நீட்டினேன். வெருண்டு ஓடிற்று!

பண்ணைக்காரி நகைத்தாள். வேட்டை மிருகங்களுக்கு அஞ்சி வாழ்ந்த இனமாதலால், தலைக்குமேல் நீளும் கை அதற்குப் பகையாகவே தோன்றுமாம். பக்கவாட்டாக நின்று, விலகிப்போக வழிவிட வேண்டுமாம். தனிமையில் வாடிவிடுமாதலால் ஒன்றை மட்டும் வளர்ப்பதில்லை என்றும் சொன்னாள். என்னை நினைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னபடியே, தீனியை உள்ளங்கையில் ஏந்தி அசையாது நின்றேன். சற்று நேரத்தில் ஒன்று மெல்ல வந்து, தாழ்ந்த குரலில் முனகியபடி உண்டது. அதன் இளஞ்சூடான மூச்சுப் பட்டபோது, பல மாதங்களாக இறுகியிருந்த நெஞ்சு இளகிற்று.

திரும்பினேன். பேரன் என்னருகே நின்றான். அவனை அணைக்கவில்லை, தீனியிற் பாதியை மாத்திரம் அவன் கையில் இட்டேன். வீடு திரும்பும் வழியில், முதன்முறையாக “அப்பப்பா” என்றழைத்தான்.

வாசக அன்பர்களே, இப்பொழுது சிறு பிள்ளைகளைக் கண்டால் நான் கை நீட்டுவதில்லை. சற்றே பக்கவாட்டாக நின்று, அவர்களாகவே வரும்வரை காத்திருக்கிறேன்.