"கட்டை போட்டாச்சா?"

"அம்மா, இந்த லாங் வீக்கெண்ட்ல கார் ஷாக் அப்சார்பரை நானே மாத்தப் போறேன். ரெண்டு நாளைக்கு கேரேஜ் எனக்கு வேணும்" என்று என் மகன் வந்து நின்றபோது நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வெடித்தது கடுகா, என் நெஞ்சா என்று எனக்கே தெரியவில்லை!

இது நடந்தது 2023-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய ஒரு பேட்டையில் குடியிருக்கிறோம். என் கணவருக்கு ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் உத்தியோகம். நான் நாமக்கல்லில் ப்ளஸ் டூ வரை படித்தவள். அடுப்பங்கரையே கதி என்று இருப்பவள். ஒரே பிள்ளை, இருபது வயசு, காலேஜில் படிக்கிறான்.

பீட்ஸா கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அவன் ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். மாஸ்டா மியாட்டா, 2001-ஆம் வருஷத்து மாடல். 1989-ல் முதன்முதலாக வந்த ஜப்பான்காரர்களின் ஸ்போர்ட்ஸ் கார் இது. கூரையை மடித்துவிடலாம். இரண்டே பேர்தான் உட்காரலாம். மூன்றாவது ஆள் வந்தால் வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான்! எங்களிடம் "ம்", "சரி", "சாப்பிட்டாச்சு" என்ற மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை, அந்தக் காரைப் பற்றி வாய் திறந்தால் மட்டும் மூச்சு விடமாட்டான்.

அந்தக் காரின் ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிந்து, பள்ளத்தில் இறங்கினால் படகு மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. பட்டறையில் கொடுத்தால் கூலியே பெரிய தொகை. ஆகவே உயரத்தையும் இறுக்கத்தையும் நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும்படியான 'காயில் ஓவர்' செட் ஒன்றைத் தபாலில் தருவித்துவிட்டான்.

என் கணவருக்கு இடுப்பு வலி. பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. "நீ கூட இருந்து விளக்கைப் பிடி. தடுத்தால் நமக்குத் தெரியாமல் எங்கேயாவது போய்ச் செய்வான்" என்று சொல்லிவிட்டு இவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

எனக்கு ஏன் அத்தனை பயம் என்று சொல்ல வேண்டும். நாமக்கல்லில் என் அப்பா ஒரு லாரி ஷெட் வைத்திருந்தார். 1988-ல் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, கையாளாக இருந்த ஒரு பையன், ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்தியிருந்த லாரிக்கு அடியில் போனான். ஜாக்கி சரிந்தது. உயிர் பிழைத்தான், ஒரு கால் போய்விட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு அப்பா, யார் வண்டிக்கு அடியில் போனாலும், எந்த வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டு வந்து, "கட்டை போட்டாச்சாடா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. கண் மூடும் வரையில் கேட்டார்.

இந்தக் கதையை நான் என் மகனிடம் சொன்னதே இல்லை. மூன்று நிபந்தனை மட்டும் போட்டேன். ஜாக்கியை நம்பி உடம்பில் ஒரு பாகமும் காருக்கு அடியில் போகக் கூடாது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்கும் வேலை வீட்டில் நடக்கக் கூடாது. நான் பக்கத்தில் இல்லாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது. "சரிம்மா" என்றான், அதே பழைய "சரி"யில்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே வேலை ஆரம்பமாகிவிட்டது. குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் பனியைக் கரைக்க உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு காரின் அடிவயிற்றைத் தின்றுவிடும். போல்ட்டெல்லாம் துருப்பிடித்து, தலை எது, நட்டு எது என்று அடையாளமே இல்லை! துருவை இளக்கும் எண்ணெயை ஒவ்வொன்றிலும் அடித்து, உளுந்து ஊறப் போடுகிற மாதிரி ராத்திரி முழுக்க ஊற விட்டோம்.

மறுநாள் காலை, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டான். தூக்கிய பிறகு பலம் கொடுத்துத் திருகினால் வண்டி ஆடிவிடுமாம். பிறகு சமதளமான சிமெண்ட் தரையில், கையேட்டில் காட்டிய இடங்களில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, நாலு இரும்பு ஸ்டாண்டுகளில் உட்கார வைத்தான்.

"கட்டை போட்டாச்சா?" என்றேன்.

"அது கட்டை இல்லம்மா, ஸ்டாண்ட்."

"இரும்பானாலும் எனக்குக் கட்டைதான். போட்டாச்சா?"

சிரித்துக்கொண்டே காரை இடுப்பால் இடித்துக் காட்டினான். ஒரு டன்னுக்கும் சற்று அதிகமான வண்டி, அசையவில்லை. கழற்றிய சக்கரங்களையும் வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைக்கச் சொன்னேன். ஸ்டாண்டே சரிந்தாலும் வண்டி அதன் மேல்தானே உட்காரும்? இதுவும் அப்பாவின் வழக்கம்தான்.

நட்டு, போல்ட், வாஷர் கலந்துபோகாமல் இருக்க ஒரு யோசனை செய்தேன். நாலு குழி உள்ள பழைய இட்லித் தட்டு ஒன்று இருந்தது. நாலு சக்கரத்துக்கு நாலு குழி! "இட்லித் தட்டுக்கு இப்படி ஒரு யோகமா!" என்று இவர் வாசற்படியில் நின்று கேலி செய்தார். ஆனால் இரண்டு நாளும் ஒரு வாஷர்கூடத் தொலையவில்லை.

வேலை நடக்க நடக்க மகன் விளக்கம் சொன்னான். ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. ஆனால் ஒரு தரம் அமுங்கினால் அது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஊஞ்சலைப் பிடித்து நிறுத்துகிற கைதான் ஷாக் அப்சார்பர். புதுசில் குழாயின் வெளிப்பக்கம் முழுக்க மறை வெட்டியிருக்கிறது. அதில் உள்ள வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் ஏறும், இறங்கும். கார் உயரமும் மாறும். உச்சியில் ஒரு குமிழ். அதைத் திருப்பினால் 'கிளிக் கிளிக்' என்று கெட்டியாகும், இளகும். "எங்க தாத்தா வீட்டு வில்வண்டிக்கும் அடியில் இரும்பு வில் உண்டு. அதற்கு இந்தக் குமிழ்தான் கிடையாது" என்றேன். "வில்வண்டின்னா என்னம்மா?" என்றான். அரை மணி நேரம் வில்வண்டிக் கதைதான்!

முன் சக்கரத்தில்தான் சோதனை. பழசை வெளியே எடுக்க இடம் போதாது. மேல் கையில் குறுக்கே போகும் நீளமான போல்ட்டை உருவ வேண்டும். துரு விடவில்லை. ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயை மாட்டி, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து இழுத்தோம். மூன்றாவது தரம் 'டக்' என்று ஒரு சத்தம். ஒடிந்தே போச்சு என்று நினைத்தேன். இல்லை, இளகிவிட்டது. சக்கரம் மாட்டும் பாகம் பிரேக் ரப்பர்க் குழாயில் தொங்கிவிடாமல் கம்பியால் கட்டி வைத்தோம். அந்தக் குழாய் பழுதானால் பிரேக்கே போய்விடும் அல்லவா?

மத்தியானத்துக்குள் நாலு பழைய ஷாக் அப்சார்பரும் வெளியே வந்துவிட்டன. அவற்றின் மேல் தொப்பியை எடுத்துப் புதுசில் மாட்ட வேண்டும். பழைய ஸ்பிரிங் அமுங்கின நிலையில் உள்ளே இருக்கும். ஏடாகூடமாக அவிழ்த்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பாய்ந்து முகத்தையே பெயர்த்துவிடும். "ஒரு கருவி வாடகைக்குக் கிடைக்கும்மா, நானே..." என்று இழுத்தான். "நிபந்தனை நிபந்தனைதான்" என்றேன். பக்கத்துப் பட்டறையில் சுவரில் பதித்த பெரிய கருவியில் வைத்து அமுக்கி, ஒரு மணி நேரத்தில் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை புதுசைப் பூட்டினோம். முன்பக்க மேல் நட்டுகள் என்ஜின் பக்கத்தில், பின்பக்கத்தவை டிக்கிக்குள். கீழ் போல்ட்டுகளை மட்டும் கையால் திருகிவிட்டு நிறுத்தினான். "ஏண்டா, முறுக்கக் கூடாதா?" என்றேன். அவை ரப்பர் புஷ் வழியாகப் போகின்றனவாம். கார் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் அந்த ரப்பர் பிழிந்த துணி மாதிரி எப்போதும் திருகியே நின்று சீக்கிரம் கிழிந்துபோகுமாம். ஆகவே வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதுதான் அவற்றை முறுக்க வேண்டும். அதற்காகப் பலகைகளை அடுக்கித் திருகாணி போட்டு நாலு மேடை செய்திருந்தான். அவற்றின் மேல் சக்கரங்களை இறக்கி, முன்னும் பின்னும் அடைக்கட்டை வைத்தோம்.

இறுக்கம் அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் ஒவ்வொன்றாக முறுக்கினான். முறுக்கினதுக்கு அடையாளமாக நான் சிவப்பு நகப் பாலீஷால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். நடுவில் சோறு வடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது, "எல்லாம் முடிச்சாச்சும்மா, மிச்சப் பொட்டையும் நானே வெச்சுட்டேன்" என்று சாவியோடு நிற்கிறான். வாசலில் சிநேகிதன் வேறு காத்திருக்கிறான்.

"இரு, ஒரு தரம் எண்ணிப் பார்த்துடறேன்."

"எல்லாம் டைட் பண்ணியாச்சும்மா!" என்று சலித்துக்கொண்டான். வாய்க்குள் ஏதோ இங்கிலீஷில் முணுமுணுத்தான்.

நான் காதில் வாங்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன். வலப்பக்கம் முன், பின் சரி. இடப்பக்கம் முன் சரி. இடப்பக்கம் பின்னால், கீழ் போல்ட்டில் பொட்டு இல்லை.

"பொட்டு வைக்க மறந்திருப்பேன்" என்று ஸ்பேனரை மாட்டினான். ஸ்பேனரே தேவைப்படவில்லை. விரலால் தொட்டதும் நட்டு சுழன்றது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் ரத்தம் இல்லை. ஓடுகிற அதிர்ச்சியில் நட்டு கழன்று, போல்ட் உருவியிருந்தால்? அதுவும் வேகமாக ஒரு வளைவில்? அவன் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. சிநேகிதனை, "இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு வா" என்று அவனே அனுப்பிவிட்டான். பிறகு எல்லா போல்ட்டையும் ஆதியிலிருந்து மறுபடியும் சரிபார்த்தான்.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது, "தாத்தா இருந்திருந்தா என்னைத் திட்டியிருப்பார், இல்லம்மா?" என்றான். அப்போதுதான் அந்தப் பையனின் கதையைச் சொன்னேன். கேரேஜ் படியில் உட்கார்ந்து, ஆறின காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான். இருபத்தோரு வயசுக்குள் அடியெடுத்து வைக்கிற பிள்ளை என் தோளில் தலை சாய்த்தது அன்றைக்குத்தான்.

உயரத்தை ஒரு அங்குலம் மட்டும் குறைத்தான். இன்னும் தாழ்த்தினால் பார்க்க அழகுதானாம். ஆனால் ஸ்பிரிங் அமுங்க இடம் இல்லாமல் முட்டும், டயர் உரசும். பனி உருகினதும் குழியாகிவிடும் எங்கள் ஊர் ரோட்டுக்கு அது ஆகாது. மறுநாள் வேலைநாளில் முதல் காரியமாக வீல் அலைன்மென்ட் பார்க்கக் கொண்டுபோனான். உயரம் மாறினால் சக்கரங்களின் சாய்வும் மாறும். விட்டுவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும். நூறு மைல் ஓடிய பிறகு சக்கர நட்டுகளையும் மற்றவற்றையும் இன்னொரு தரம் முறுக்கிப் பார்த்தோம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஸ்கூட்டர், கார் என்று எதையாவது பிரித்துப் போடலாம். "தொடாதே" என்று சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் நம் கண் மறைவில் தொடுவார்கள். அதைவிட, ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். மெக்கானிக் வேலை தெரிய வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல என்பதை மட்டும் மறக்காதீர்கள். வீட்டில் செய்யக் கூடாத வேலையைப் பட்டறையில் கொடுப்பதில் கௌரவக் குறைச்சலும் இல்லை.

இப்போது என்னை இந்தியச் சாமான் கடைக்கு அழைத்துப் போவதென்றால், கிளம்பும் முன் குமிழ்களை நாலு கிளிக் இளக்கிவிடுகிறான். "அம்மா செட்டிங்" என்று அதற்குப் பெயர்! கேரேஜில் ஜாக்கிச் சத்தம் கேட்டு நான் கரண்டியோடு எட்டிப் பார்ப்பதற்குள், உள்ளேயிருந்து அவன் குரல் வந்துவிடும்:

"கட்டை போட்டாச்சும்மா!"