கேற ஆரம்பித்த கோழி

எங்கள் வீட்டில் இப்போது ஆறு வெடக்கோழிகள் நிற்கின்றன. இன்னும் முட்டை வைக்காத இளம் பெட்டையைச் சிவகங்கைப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நாலரை மாதம் ஆகிறது. கூட்டம் முடிந்து நான் எத்தனை மணிக்கு வந்தாலும் அம்மா சொல்லும் முதல் வார்த்தை, "கோழியெல்லாம் கம்புல ஏறிருச்சான்னு டார்ச் அடிச்சுப் பாருய்யா" என்பதுதான்.

பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்த்த குஞ்சுகள் பெரிதான பிறகும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுக்கும். எச்சத்திலேயே கிடந்து சீக்கு வரும். கீரிக்கும் சுலபம். அதனால் கூண்டுக்குள் இரண்டடி உயரத்தில் கம்பு கட்டி, பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தேன். குதித்து இறங்கின. மறுபடி வைத்தேன். ஆறாம் நாள் தாமாகவே ஏறின. முட்டைக் கூடையைக் கம்பைவிடத் தாழ்வாக, இருட்டு மூலையில் வைக்க வேண்டும். மேலே வைத்தால் அதிலேயே அடைந்து எச்சமிட்டு நாறடித்துவிடும்.

இதெல்லாம் அப்பத்தா சொல்லிக் கொடுத்தது.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது அவரிடம் ஒரு கறுப்பு வெடை இருந்தது. கொண்டை சிவந்து, கேற ஆரம்பித்திருந்தது. அதன் முட்டையை விற்று எனக்கு நோட்டு வாங்குவதாகச் சொல்லியிருந்தார். ஒருநாள் இருட்டிய பிறகு பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தான். அவர்களுக்கு விருந்தாளி வந்திருந்தார்கள். "ஏ கிழவி, அந்தக் கறுப்பு வெடையப் பிடிச்சுத் தா" என்றான். அவன் வயது என் சித்தப்பா வயதுதான் இருக்கும்.

"கேறுதுய்யா, இன்னும் நாலஞ்சு நாள்ல முட்டை வச்சிரும்" என்றார் அப்பத்தா. அவன் பேசாமல் நின்றான். மறுநாள் அவர்கள் வயலில்தான் வேலை. அப்பத்தாவே போய் எடுத்து வந்தார். கம்பில் அடைந்த கோழி இருட்டில் ஓடாது. கை வைத்தால் சும்மா வரும். பாதி விலைகூடக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாதவர்கள் எங்கள் கோழியைத் தின்றார்கள். அதன்பிறகு பெரிய வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எங்கள் தெரு வெடைகளெல்லாம் வீட்டுக்குள் பஞ்சாரத்தில் கிடக்கும்.

நாட்டுக்கோழி முட்டைக்கு வர ஐந்து ஆறு மாதம் ஆகும். அதுவரை நமக்குச் செலவுதான். வைக்க ஆரம்பித்தால் ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை, வருடத்துக்கு மூன்று நான்கு ஈடு. ஆனால் அந்த முதல் ஆறு மாதம் கோழியைக் கையில் வைத்திருக்க முடிகிறதா என்பதுதான் நம் வீடுகளில் கேள்வி. இன்று பெரிய வீட்டு ஆள் வருவதில்லை. வியாபாரி பைக்கில் வருகிறார், அதே கொண்டை சிவக்கும் நேரத்தில். குழுக் கடன் தவணையும் அப்போதுதான் நிற்கிறது. கோழி போய்விடுகிறது.

அரசுத் திட்டங்களில் பெண்களுக்குக் குஞ்சு கொடுக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் மேய இடம் வேண்டாமா? மூன்று சென்ட் வீட்டைத் தாண்டினால் கோழி அடுத்தவர் வயலில்தான் நிற்கும். அங்கே கல் கோழி மேல் விழும், சாதிப் பேரைச் சொல்லித் திட்டு நம் மேல் விழும். 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் கையில் இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. கோழி வளர்ப்பைப் பேசினாலும் நிலத்தில்தான் வந்து முடிகிறது.

இருப்பதை வைத்துச் செய்வதைச் செய்கிறோம். எட்டாவது வாரத்தில் வெள்ளைக் கழிச்சலுக்கு ஊசி போட்டாயிற்று. கிளிஞ்சல் தூளைத் தனிச் சிரட்டையில் வைத்திருக்கிறேன். தீவனத்தில் கலக்கக் கூடாது, முட்டைக்கு வராத கோழிக்கு அவ்வளவு சுண்ணாம்பு ஆகாது. தேவைப்படுவது தானாகக் கொத்தும். கூடையில் வைக்கோல் போட்டு, முட்டை போல ஒரு வெள்ளைக் கல்லும் வைத்தாயிற்று. அதைப் பார்த்துத்தான் இடம் பழகும்.

நேற்று செவலையின் முதுகில் கை வைத்தேன். ஓடாமல் பதுங்கி உட்கார்ந்தது. முட்டைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். சாயங்காலம் வியாபாரி வந்து விலை கேட்டார். அம்மா வாசலிலேயே நின்று சொன்னார்: "முட்டை வைக்கட்டும். அப்புறம் பேசலாம்."