கிழியாத கைச்சீட்டு

கடன் தீர்ந்ததும் கைச்சீட்டைத் திரும்பப் பெற்றுக் கிழித்தெறிவது நம் பாட்டனார் காலத்து வழக்கம். கொல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த நாங்கள் அதனை மறந்தோம். 2019-இல், தந்தையாரின் நோய்க்காலத்தில் நின்றுபோன கடன் அட்டைப் பாக்கியில், வங்கி இசைந்த ஒரு பகுதியைச் செலுத்தி, எல்லாம் தீர்ந்ததென்றே இருந்தோம். சென்ற ஆண்டு லேக் மார்க்கெட் அருகே வீடு வாங்கக் கடன் கேட்டபோதுதான், சிபில் அறிக்கையில் அது ‘சமரசத் தீர்வு’ என நிற்பது கண்டு தலைகுனிந்தோம்.

எஞ்சியதையும் செலுத்தி, நிலுவையின்மைச் சான்று பெற்று, திருத்தம் கோரினோம். ‘முடிக்கப்பட்டது’ எனப் பதிவு மாறிற்று. தவணை தவறிய மாதங்கள் அழியவில்லை, அவை உண்மையன்றோ!

அன்பர்களே, ஆண்டுக்கொருமுறை அறிக்கை இலவசம். பிழைகண்டு முறையிட்டால் 30 நாள்களுள் தீர்த்தல் வேண்டும். தவறினால், 2024 முதல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கடனை அடைத்தோர் சான்றினைக் கேட்டு வாங்க மறவாதீர்.