குளிசையும் மாத்திரையும்

எங்கள் கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 1983-க்குப் பிறகு படகேறி வந்தவர்களும், அவர்கள் பிள்ளைகள், பேரன் பேத்திகளும் இப்படித் தமிழ்நாட்டில் பல முகாம்களில் இருக்கிறார்கள். 2021-ல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. வியாதிக்கு மட்டும் முகாம், ஊர் என்ற பேதமே கிடையாது. ஆஸ்பத்திரியில் என் மாமியாரும் முகாம் பாட்டிகளும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நமக்குச் சர்க்கரை வியாதி, அவர்களுக்குச் சலரோகம். நம் மாத்திரை அவர்களுக்குக் குளிசை. அவ்வளவுதான் வித்தியாசம்!

அங்கே எனக்கொரு சிநேகிதி. அவள் வீட்டுக்காரருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. வெளியூர் போனால் திரும்ப மூன்று வாரம் ஆகும். ரத்த அழுத்தம் 180/110 இருந்தும், பத்தே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"அவருக்கு ஒண்டும் செய்யேல்லையாம் அக்கா. தலையிடிகூட இல்லை, பிறகேன் குளிசை எண்டு கேக்கிறார்" என்றாள்.

என் கொழுந்தனாரும் இதையேதான் கேட்டார்! ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. காட்டும்போது பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ காட்டிவிடும். அன்றாடக் கூலியில் ஓடுகிற குடும்பத்தில் அவர் படுத்துவிட்டால் அடுப்பு எரிவது எப்படி? மாத்திரையால்தான் அளவு இறங்குகிறது; இறங்கிவிட்டதே என்று நிறுத்தினால் மறுபடி ஏறும். இதை நர்ஸம்மாவே அவரிடம் சொன்ன பிறகுதான் கேட்டார். இப்போது ஒரு மாத மாத்திரை பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஒரே டப்பாவில் போகிறது. காலையில் மறக்க வழியில்லை.

சாப்பாடுதான் சிரமம். ரேஷன் அரிசியில் புட்டு, இடியப்பம், சோறு என்று நடக்கும் வீட்டில் ஓட்ஸ் சாப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோற்றைக் குறைத்து முருங்கைக் கீரையைக் கூட்டச் சொன்னேன். உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன்; கருவாடு, ஊறுகாயில் இருப்பதும் அதில் சேர்த்திதான். அவள் அம்மாவுக்குச் சலரோகம். டீக்குச் சீனி போடமாட்டார், பனங்கட்டியைக் கடித்துக்கொள்வார். பனங்கட்டியும் சர்க்கரைதான் என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார். அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பானையில் ஈர மணல் நிரப்பி, அதற்குள் சின்னக் கலயத்தில் இன்சுலினை வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி.

போன மாதம் அவருக்கு 138/86. வருகிற வியாழக்கிழமை பாட்டிக்கும் என் மாமியாருக்கும் கண் பரிசோதனை. ஒரே ஆட்டோவில் போகிறோம்.