உடைக்கும் முன்

மதுரையில் ஒரு டைல்ஸ் மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தபோது, டைல்ஸ் ஒட்டத்தான் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் முதலில் கற்றுக்கொடுத்தது, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்பதை. "ஓதம் தெரியிற இடம் வேற, தண்ணி நுழையிற இடம் வேறடா தம்பி" என்பார்.

அவருடைய முதல் கேள்வி எந்த வீட்டிலும் ஒன்றுதான்: "ஓதம் நாள் முழுக்க இருக்கா, குளிச்ச பிறகு கூடுதா?" நாள் முழுக்க ஊறினால், சந்தேகம் தண்ணீர் வரும் குழாய் மீது. மாடித் தொட்டியிலிருந்து அதற்கு எந்நேரமும் அழுத்தம் இருக்கிறது. பாத்ரூமுக்கு வரும் கேட் வால்வை அடைத்துவிட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். குளித்த பிறகுதான் கூடுகிறது என்றால், கழிவுக் குழாய் அல்லது தரை. அதையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. தரை நனையாமல், தரைத் தண்ணீர் இறங்கும் டிராப்பின் வாய்க்குள் மட்டும் வாளி வாளியாக ஊற்றுவோம். கீழ்வீட்டுக் கூரையில் மாற்றமில்லை என்றால், டிராப்பை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுவோம்.

அடுக்குமாடி ஒன்றில் இப்படித்தான் நடந்தது. கீழ்வீட்டு ஹாலில் கூரை ஒழுகியது. மொத்தத் தரையையும் பெயர்த்து எடுத்துவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். தரையில் தண்ணீர் கட்டிப் பார்த்ததில், டிராப்பின் விளிம்பும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் இறங்குவது தெரிந்தது. பிளாஸ்டிக்கும் சிமென்ட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. கலவை காயும்போது சுருங்கி, மயிரிழை இடைவெளி விடும். டிராப்பைச் சுற்றியுள்ள டைல்ஸை மட்டும் எடுத்து, சுருங்காத கலவையால் அடைத்து, அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் பூச்சை டிராப்பின் வாய்க்குள் இறங்கும்வரை இரண்டு கை அடித்தோம். மறுபடியும் தண்ணீர் கட்டி, கீழே கூரை காய்ந்தே இருப்பதைப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் பதித்தார்.

அடுத்த பாடம் வாட்டம். டியூப் லெவலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது கையாளின் வேலை. குழாய்க்குள் ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். அதனால் முதலில் குமிழியை விரட்ட வேண்டும். கதவோரத்திலிருந்து டிராப் நோக்கி அடிக்குக் கால் இஞ்ச் இறக்கம் கொடுப்பார். குறைந்தால் தண்ணீர் மூலையில் தங்கும். கூடினால் வயதானவர்களுக்குக் கால் நிற்காது. அகலமான டைல்ஸைத் தேர்வு செய்த வீட்டுக்கார அம்மாவிடம் அவர் வாதாடியதை நான் மறக்கவில்லை. "அக்கா, சுவத்துக்கு எவ்வளவு பெரிசு வேணாலும் போட்டுக்கங்க. தரைக்கு ஒரு அடி டைல்ஸ், சொரசொரப்பா வாங்குங்க. பெரிய டைல்ஸை நாலு பக்கமும் டிராப்புக்குச் சரிக்க முடியாது, வெட்டித்தான் போடணும்." அக்கா கணக்குப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

ஒட்டும் வேலைக்கு அதன்பிறகுதான் வந்தேன். சுவருக்கான செராமிக் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும். சிமென்ட் பாலில் ஒட்டுவதானால் முதலில் ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் கலவையிலிருக்கும் ஈரத்தை அதுவே குடித்துவிடும். விட்ரிஃபைட் டைல்ஸ் அதன் எடையில் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. அதனால் வெறும் சிமென்ட் அதைப் பிடிப்பதில்லை. பல் கரண்டியால் டைல் கம் பரப்பித்தான் ஒட்ட வேண்டும். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்போம். 'டொக்'கென்று கேட்டால் அடியில் கலவை சேரவில்லை என்று பொருள். அதைப் பெயர்த்து மறுபடி ஒட்டுவோம்.

கம்மோடுக்கு அளவெடுப்பதில் அவர் கறார். கழிவுத் துளையின் நடுமையத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரம் கம்மோடின் அளவோடு பொருந்த வேண்டும். ஆனால் எந்தச் சுவர்? "செங்கல் சுவத்துலருந்து அளக்காத. பூச்சும் டைல்ஸும் ஏறுனா ஒரு இஞ்ச் போயிரும்." அந்த இஞ்ச்சைக் கணக்கில் சேர்க்காமல் வாங்கினால், கம்மோடின் முதுகு சுவரில் முட்டும்.

பல புகார்களுக்கு வேலையே தேவைப்படாது. பூட்டிக் கிடக்கும் விருந்தினர் அறை பாத்ரூம் நாறுகிறதென்று கூப்பிடுவார்கள். டிராப்பில் 50 மில்லிமீட்டர் அளவுக்கு நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும்; அதுதான் சாக்கடை வாடையை மறிக்கும் கதவு. நாலு மக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காசு வாங்காமல் வந்துவிடுவார். டைல்ஸ் இடுக்கு அரித்துப் போச்சு என்றால், ஆசிட் ஊற்றிக் கழுவுகிறீர்களா என்று கேட்பார். போர்த் தண்ணீரின் உப்புக்கறையை ஆசிட் எடுக்கும். இடுக்கிலிருக்கும் சிமென்ட்டையும் கூடவே கரைக்கும்.

இப்போது நானே வேலை எடுத்துச் செய்கிறேன். மேஸ்திரி செய்யாத ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். சுவரில் குழாய் பதித்துப் பூசுவதற்கு முன், பக்கத்தில் டேப்பை விரித்துப் பிடித்து, மூலையிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுகிறேன். நாளைக்குக் கண்ணாடி மாட்ட டிரில்லோடு வருபவர் குழாயில் துளை போட மாட்டார். பழுது வந்தாலும், பார்க்க வருபவர் எங்கே உடைப்பது என்று தெரிந்தே உடைப்பார்.