ரேரா நம்பர் இருந்தது

2018 டிசம்பரில் தாணே–பிவண்டி–கல்யாண் மெட்ரோவுக்குப் பிரதமர் கல்யாணில் அடிக்கல் நாட்டினார். அதிலிருந்து மும்பை தாராவியில் எங்கள் சந்தில் நாலு பேர் கூடினால் கல்யாண் பேச்சுதான். மெட்ரோ ஓடத் தொடங்கினால் அங்கே வீட்டு விலை எங்கேயோ போய்விடும் என்றார்கள். ஒரு வீடு வாங்கி, விற்று லாபம் பார்க்க நானும் இறங்கினேன்.

ஏஜென்ட் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். "அண்ணாச்சி, லோனுக்குப் போனா பேங்க்காரன் இழுத்தடிப்பான். முழுசாக் குடுத்துட்டா ரேட்டைக் குறைச்சு வாங்கித் தாரேன்" என்றார். அதைச் சலுகை என்று எடுத்துக்கொண்டேன். பேங்க் வக்கீலின் கண்ணில் தாள்கள் படாமலிருக்க அது ஒரு வழி என்று தோன்றவே இல்லை. மாநகராட்சி முத்திரையோடு கட்டட அனுமதி, ரேரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு நம்பர் எல்லாம் காட்டினார்கள். பத்திரம் பதிவானது. வீட்டு வரி ரசீதும் என் பெயருக்கு வந்தது. அரசாங்கமே வரி வாங்கிக்கொள்கிறது, பிறகென்ன சந்தேகம் என்று இருந்துவிட்டேன். ஊரில் அப்பா விட்டுப்போன வயல் அதில் போனது. என் பேச்சை நம்பித் தங்கை கணவரும் அதே கட்டடத்தில் வாங்கினார். அவர் வாங்கியது குடியிருக்க.

விலை ஏறியதும் விற்கப் பார்த்தேன். குடியேறத் தகுதிச் சான்றிதழ் (ஓசி) இல்லை என்று வாங்க வந்தவரின் பேங்க் தாள்களைத் திருப்பிவிட்டது. கல்யாண் மேற்கில் மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்குப் போனேன். குமாஸ்தா அனுமதி எண்ணைப் பார்த்துப் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு வரியில் விரலை நிறுத்தினார். என் தாளைப் பார்த்தார், மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதை என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த எண்ணில் வேறு இடம், வேறு ஆள், இரண்டு மாடி. எங்கள் கட்டடம் ஏழு மாடி. தங்கையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் முதலில் மனதில் வந்தது.

இதே கல்யாண்-டோம்பிவலி மாநகராட்சி எல்லையில், போலி அனுமதிகளைக் காட்டி ரேரா பதிவு வாங்கிய 65 கட்டடங்களின் விவகாரம் 2022இல் வெளிவந்தது. அவற்றை இடிக்கச் சொல்லி 2024 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பில்டர் கொடுத்த தாள்களை வைத்துத்தான் ரேரா பதிவு நடந்திருந்தது. எங்கள் கட்டடம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் செய்தி வந்த அன்று தங்கை வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நகரமைப்புப் பிரிவில் அந்த எண்ணைப் பார்க்கக் குமாஸ்தாவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்பணம் கொடுக்கும் முன்பே நான் போயிருக்கலாம்.

தங்கை கணவர் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார். அவர் போட்ட பணத்தை மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுத்துவருகிறேன். வேண்டாம் என்கிறார். கொடுத்துத்தான் தீருவேன்.